பிள்ளையாரின் அறுகம்புல்லும் பனங்கட்டி என்ற முயலும்

அன்று வெள்ளிக்கிழமை. சாமியறையில் மணி அடித்துக் கேட்டது. வழமையாக மணிக்குப் பின்னால் தேவாரம் வரும். அன்று தேவாரத்துக்குப் பதிலாக என் மனைவியின் குரல் வந்தது.

"இஞ்சருங்கோ."

எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்குப் பல தரங்கள் உண்டு. சத்தமாக வந்தால் காஸ் முடிந்துவிட்டது. இழுபட்டு வந்தால் மகள் தொலைபேசியில் நிற்கிறாள். மெல்லமாக, கடைசி எழுத்துத் தேய்ந்து வந்தால், சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவதுதான் புத்தி. அன்று வந்தது மூன்றாவது தரம். நான் புத்தியில்லாமல் உள்ளே போனேன்.

பரமேஸ்வரி ஒரு கையில் மணியும் மறு கையில் கற்பூரத்தட்டுமாக நின்றாள். பிள்ளையார் படத்தின் முன்னால் ஒரு மண்ணிற முயல் பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்றது. அவள் சற்று முன்தான் கழுவி வைத்த அறுகம்புல்லை ஒவ்வொன்றாக இழுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல் மென்றது. அந்தச் சின்னச் சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. கற்பூரம் தன்பாட்டில் எரிந்து முடிந்தது.

"பிள்ளையாற்ர வாகனம் எலி," என்றாள். "இது ஆரின்ர வாகனம்?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் மன்னிப்புக் கேட்பான். அல்லது முயலைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். நானோ, கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளையை ஒருமாதிரிச் சித்தியடைய வைத்துவிட்ட வாத்தியாரின் பெருமையோடு, "பாத்தீரே, மணி அடிக்க வந்திட்டுது," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒருவர், நான் இதுவரை எழுதியவற்றில் பாதி புளுகு என்றும், மெய்யாக நடந்த ஒன்றையாவது எழுதும்படியும் கேட்டிருக்கிறார். அவருக்காக இது. முயல் சாட்சி.

திறப்புக்காரன்

எங்கள் ஊர் புளியங்கூடல், ஒரு தீவு. எங்கள் ஒழுங்கையில் இப்போது ஆட்களைவிடப் பூட்டுகள் அதிகம். போகிறவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தந்துவிட்டுப் போவது என்னிடம். ஏன் என்னிடம் என்றால், நான் போகவில்லை. அதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

குசினிச் சுவரில் ஓர் ஆணியில் அந்தத் திறப்புக் கொத்துத் தொங்குகிறது. எது எந்த வீட்டுக்கு என்று எனக்கே இப்போது தெரியாது. திறப்போடு சில்லறைப் பொறுப்புகளும் வந்து சேரும். ஒருவரின் ஒட்டுமாவுக்குத் தண்ணி. ஒருவரின் கிணறு இறைப்பு. இன்னொருவரின் கோயில் உபயம். ஒருவர் தன் எல்லை வழக்கையே என்னிடம் விட்டுப் போயிருக்கிறார். எதிராளியும் போய்விட்டார். அவருடைய திறப்பும் என்னிடம்தான் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவர்கள் போகிறோம் என்று சொல்வதில்லை. சொன்னால் கண்ணூறு பட்டுக் காரியம் கெட்டுப்போகும். ஆகவே, "கொழும்பில ஒரு அலுவல், ரெண்டு கிழமையில வந்திடுவம்" என்பார்கள். கேட்பவரும், "ஓமோம், கவனமாப் போட்டு வாங்கோ" என்பார். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். பிறகு ஒருநாள் முன்பின் தெரியாத ஓர் இலக்கத்தில் இருந்து தொலைபேசி அடிக்கும். எடுத்தால் அந்தப் பக்கத்தில் குளிரைப் பற்றிய கதை.

பக்கத்து வீட்டுச் சிவநேசனும் அப்படித்தான் ஒரு பின்னேரம் வந்தார். திறப்போடு ஒரு கம்பிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். கூட்டுக்குள் இரண்டு முயல். வெள்ளைக்குப் பெயர் சீனி, மண்ணிறத்துக்குப் பெயர் பனங்கட்டி. அவருடைய பிள்ளைகள் வைத்தது.

"ரெண்டு கிழமைதான், மாஸ்ரர்."

கூட்டுக்கு அருகில் அவர் இறக்கி வைத்த தீவனச் சாக்கைப் பார்த்தேன். அரை வருடத்துக்குப் போதும். "ஓமோம்," என்றேன்.

இரண்டும் பெட்டை. தீவில் சனத்தொகை குறைந்துகொண்டு போவதைப் பற்றி அவற்றுக்குக் கவலையில்லை.

சந்தியில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் தவம் அன்றைக்கே சைக்கிளில் வந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தான். ஒழுங்கையில் என்னைத் தவிர மிஞ்சியிருக்கும் ஒரே ஆம்பிளை அவன்தான். "எப்ப மாஸ்ரர் கறி?" என்று கேட்டான். விரதம் முடியட்டும் என்றேன். எங்கள் வீட்டில் ஒரு விரதம் முடிய முன்னம் அடுத்தது தொடங்கிவிடும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அன்று தொடக்கம் என்னைக் காணும்போதெல்லாம் அதே கேள்விதான். சிலர் சுகம் விசாரிப்பார்கள். தவம் கறி விசாரிப்பான்.

ஒரு மணி, ஒரு கொத்து முருங்கை இலை

நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறவன். இத்தனை வருடத்தில் பருவக்காற்றை எத்தனையோ வகுப்புகளுக்குப் படிப்பித்துவிட்டேன். காற்று வந்தது, மழை வந்தது, பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்கு, தன் சொல்லை ஏதாவது ஓர் உயிர் கேட்காதா என்ற ஏக்கம் இருப்பது பாவமல்ல.

முயல் கெட்டிக்காரச் சீவன் என்று எங்கேயோ வாசித்தேன். பெயர் சொன்னால் வரும், கூட்டுக்குப் போ என்றால் போகும், மூத்திரத்துக்கு ஒரு மூலை என்று காட்டிவிட்டால் அந்த மூலையை மறக்காது. கடைசி விஷயத்தில் என்னுடைய வகுப்புகளைவிட மேல்.

முறை இலேசானது. ஒரு சத்தம். உடனே ஒரு தின்பண்டம். சத்தம், தின்பண்டம். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால், சத்தம் கேட்டவுடன் அது ஓடி வரும். அதில் ஒரேயொரு சட்டம் உண்டு. சத்தம் போட்டால் கட்டாயம் ஏதாவது கொடுக்க வேண்டும். கொடுக்காமல் ஏமாற்றினால் அதற்குப் பிறகு முயல் உங்களை நம்பாது.

சத்தத்துக்கு என்ன செய்வது? வீட்டில் இருந்த ஒரே மணி சாமியறை மணி. பரமேஸ்வரி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகும் நாட்களில் அதை எடுத்து வந்து பின்வளவில் வைத்து அடிப்பேன். அவள் வரும் பஸ்ஸின் சத்தம் கேட்டவுடன் கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவேன். அவளும் நாள்தோறும் அதே மணியை அடிக்கிறவள் என்பதும், கூட்டுக் கதவு ஒருநாள் திறந்து கிடக்கும் என்பதும் என் மண்டையில் ஏறவில்லை. படித்தவனின் பிழைகளுக்கு ஒரு தனி அழகு உண்டு. தூரத்தில் இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

சீனி இரண்டு கிழமையில் தோற்றுவிட்டது. மணி அடித்தால் வானத்தைப் பார்க்கும். வடிவான சீவன், அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்கக் கூடாது. பனங்கட்டி மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டது. மணி அடித்தால் பனை வடலிப் பக்கம் இருந்தாலும் வரும். மரக்குத்தியில் ஏறு என்று கையைக் காட்டினால் ஏறும். நான் அதை நீர் என்றுதான் கூப்பிடுவேன். "இஞ்சால வாரும்" என்றால் ஒரு காதை மட்டும் திருப்பி, நான் கேட்ட தொனி சரியா என்று யோசித்துவிட்டு வரும்.

வாயில்லாத பேச்சு

முயலுக்குக் குரல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் அது மற்ற எல்லாவற்றாலும் கதைக்கிறது.

நாடியைக் கொண்டுபோய் ஒரு பொருளில் தேய்த்தால், இது என்னுடையது என்று அர்த்தம். பனங்கட்டி நான் இருக்கும் கதிரையின் கால், தண்ணி வாளி, செருப்பு எல்லாவற்றிலும் தேய்த்தது. ஒருநாள் கீழே விழுந்து கிடந்த திறப்புக் கொத்திலும் தேய்த்தது. காணிக் கந்தோருக்குப் போகாமல் ஒழுங்கை முழுவதையும் தன் பெயருக்கு எழுதிக்கொண்ட முதல் ஆள் அதுதான்.

பல்லை மெதுவாக நறநறத்தால் சந்தோஷம். முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தால் கோபம். பின்னங்காலைத் தூக்கி நிலத்தில் ஓங்கி அடித்தால், ஆபத்து, நம்பாதே என்று பொருள். அந்த உடம்பில் இருந்து அவ்வளவு சத்தம் வரும் என்று நம்பமாட்டீர்கள். தவத்தின் சைக்கிள் ஒழுங்கையில் திரும்பினாலே அது அடித்துவிடும். கறி விசாரிப்பு விளங்கியிருக்க வேண்டும்.

என் மாமா ஒருவர் மாத்தறையில் கடை வைத்திருந்தவர். கடையை மூடிக்கொண்டு ஊருக்கு வந்தபோது கொண்டு வந்த சொத்து ஒரு மைனா. அது சிங்களத்தில், வாங்கோ ஐயா, இருங்கோ ஐயா என்று மட்டும் சொல்லும். ஊரில் அது விளங்குகிறவர் மாமா ஒருவர்தான். அவர் செத்த வீட்டுக்கு வந்த சனத்தையெல்லாம் அந்த மைனா கூட்டுக்குள் இருந்து மரியாதையாக வரவேற்றுக்கொண்டே இருந்தது. மாமி அழுகையை நிற்பாட்டிவிட்டு, அதுக்கு ஆராவது பதில் சொல்லுங்கோவன் என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. சின்னப் பெடியனாக நின்ற எனக்கு அன்று ஒரு விஷயம் விளங்கியது. கதைக்கத் தெரிவது பெரிய காரியமில்லை. பதில் சொல்ல ஆள் வேண்டும்.

விளங்கியதே தவிர, பிற்காலத்தில் அதனால் எந்தப் பயனும் ஏற்படவில்லை.

முயலிடம் சொல்லிவிட்ட செய்திகள்

எங்கள் ஊரில் புருஷனும் பெண்சாதியும் கோபம் என்றால் கத்த மாட்டார்கள். கதைப்பதை நிற்பாட்டிவிடுவார்கள். சோறு வரும், தேத்தண்ணி வரும், சேர்ட் மினுக்கி வரும். பேச்சு மட்டும் வராது. ஆனால் குடும்பம் ஓட வேண்டுமே. அதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் இருந்தால் பிள்ளைகள். இல்லாவிட்டால் ஆடு, மாடு.

என் அம்மா ஒரு போகம் முழுக்க ஐயாவோடு பசுமாட்டின் மூலமாகக் கதைத்தார். "இஞ்ச பார் லட்சுமி, வீட்டில அரிசி இல்லையாம்." ஐயாவும் மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, நாளைக்கு நெல்லுக் குத்த ஏற்பாடு செய்வதாக மாட்டிடம் சொல்வார். அந்த மாடு கடைசியில் வீட்டு நிர்வாகம் முழுவதும் தெரிந்த மாடாகச் செத்தது.

எங்கள் ஒரே மகள் ஆரணி ரொறன்ரோவில். அறுகம்புல் சம்பவத்துக்கு அடுத்த நாள் மத்தியானம் நான் கூடத்தில் பத்திரிகையோடு இருந்தேன். பனங்கட்டி வாசற்படியில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. குசினியில் இருந்து குரல் கேட்டது.

"பனங்கட்டி, சோறு போட்டிருக்கெண்டு உன்ர ஐயாட்டைச் சொல்லு."

பத்திரிகையை மடித்தேன். "கை கழுவிப்போட்டு வாறன் எண்டு சொல்லும்," என்றேன்.

பிள்ளையாரின் புல்லைத் தின்ற குற்றவாளி அதுதான். தண்டனை எனக்கு, பதவி அதற்கு. அவள் அதற்குத் தனியாக முருங்கை இலை உருவி வைக்கத் தொடங்கினாள். புல்லைப் படத்துக்கு முன்னால் இருந்து மேல்தட்டுக்கு மாற்றினாள். காலையில் மணி அடித்துத் தேவாரம் பாடி முடித்ததும், முன்னால் வந்து காத்திருக்கும் முயலுக்கு ஒரு பிடி கொடுத்து அனுப்பினாள். நான் சொல்லாமலே சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மணி அடித்தால் கொடுக்க வேண்டும்.

காஸ், கரண்ட் பில், மழைக்கு முன்னம் கூரை மாற்றுவது எல்லாம் முயலின் ஊடாக நடந்தன. முயல் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்து, கதைக்கிறவர் பக்கம் ஒரு காதைத் திருப்பும். சில நேரம் இரண்டு காதும் இரண்டு பக்கம் திரும்பியிருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் சந்தோஷமான வீடு போல இருந்திருக்கும்.

பாப்பம்

அறுகம்புல் ஒரு சாட்டுத்தான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், முயலுக்கும் தெரிந்திருக்கும்.

ஆரணிக்கு முதற்பிள்ளை பிறக்க இருந்தது. எங்கள் இரண்டு பேரையும் வரச்சொல்லிக் கேட்டாள். இரண்டு பேருக்கும் விசா வந்து அலுமாரிக்குள் இருந்தது. ரிக்கற் போடட்டோ என்று பரமேஸ்வரி கேட்டபோது நான், "பாப்பம்," என்றேன்.

இந்தச் சொல்லை நான் கல்யாணம் கட்டின நாளில் இருந்து பாவித்து வருகிறேன். ஓம் என்றால் செய்ய வேண்டும். இல்லை என்றால் சண்டை. பாப்பம் என்றால் இரண்டும் இல்லை. கிணற்றுக் கட்டுக்குப் பாப்பம். அவளுடைய தமக்கையை மட்டக்களப்பில் போய்ப் பார்ப்பதற்குப் பாப்பம். தமக்கை மோசம் போய், செத்த வீட்டுக்குத்தான் போனோம்.

முயல்களை ஆர் பாப்பது என்று கேட்டேன். திறப்புகள் என்றேன். சோதனை எழுத இருக்கும் பிள்ளைகள் என்றேன். மெய்க் காரணம் ஒன்றுதான், அதை நான் சொல்லவில்லை. எனக்குப் பயம். இந்த ஒழுங்கையில் இருந்து போன ஒருவரும் திரும்பி வந்து என்னிடம் திறப்பை வாங்கியதில்லை. போனால் நானும் திரும்பி வரமாட்டேனோ என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், அங்கே போய் இருந்து பார்த்தால், திரும்பி வர எனக்கும் விருப்பம் இல்லாமல் போய்விடுமோ என்பது. களைத்துப்போனவன் சாய ஓர் இடம் கண்டால் எழும்ப மாட்டான்.

ஆரணி கடைசியில் ஒரு ரிக்கற்தான் போட்டாள்.

வான் வந்த பின்னேரம்

பொங்கல் முடிந்து சில நாள். கொழும்புக்குப் போகும் வான் வாசலில் நின்றது. ஒடியல்மா, மிளகாய்த்தூள், பெற்ற வயிற்றுக்குக் காயச்சரக்கு எல்லாம் ஏறிவிட்டன. பரமேஸ்வரி காஞ்சிபுரத்தைக் கட்டிக்கொண்டு, குளிருக்கென்று மகள் அனுப்பிய சப்பாத்தையும் போட்டுக்கொண்டு படியில் இருந்தாள். மடியில் பனங்கட்டி.

வழியனுப்ப வந்த தவத்திடம், போட்டு வாறன் என்றாள். சீனிக்கும் சொன்னாள். அது வானத்தைப் பார்த்தது. கிணற்றடிப் பக்கம் பார்த்துக்கூட ஒருமுறை சொன்னாள். பிறகு மடியில் இருந்ததன் காதைத் தடவிக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னாள்.

"உன்ர ஐயாவைக் கேள், வாறாரோ இல்லையோ எண்டு. பாப்பம் எண்டு மட்டும் சொல்ல வேண்டாமாம்."

வாரத்துக்கு வாரம் பக்கம் நிரப்புகிறவன் நான். பாப்பத்தை எடுத்துவிட்டால் எனக்கு வேறு சொல்லே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் முயலை என் கையில் தந்தாள். வான் சந்தியில் திரும்பியது.

அடுத்த நாள் காலை, விளக்காவது வைப்போம் என்று சாமியறைக்குப் போனேன். மணியைக் காணவில்லை. திருநீறு சிந்திய தட்டில், மணி இருந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம் துப்புரவாக இருந்தது.

பனங்கட்டி வாசலில் வந்து நின்று, மேல்தட்டைப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

அங்கே அடித்த மணி

மாசியில் பேத்தி பிறந்தாள். வாட்ஸப்பில் ஆரணி கூப்பிடுவாள். பிள்ளையைக் காட்டுவாள். பிறகு, "அப்பா, அம்மாவுக்குப் பனங்கட்டியைப் பாக்கோணுமாம்," என்பாள். நான் தொலைபேசியைக் கதிரையில் சாய்த்து வைத்துவிட்டு, படத்தில் விழாமல் ஒதுங்கி நிற்பேன். பரமேஸ்வரி முயலிடம், குளிர் என்பாள், பிள்ளை உன்ர ஐயாவின்ர மூக்கோடு பிறந்திருக்கு, பாவம் என்பாள். நான் முயலிடம், இஞ்ச எல்லாம் சுகம் என்று சொல்லும்படி சொல்வேன்.

ஒருநாள் எங்களுக்குப் பின்னேரம், அவர்களுக்குக் காலைப் பூசை நேரம். ஆரணி தொலைபேசியை அப்படியே எங்கேயோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். திடீரென்று எங்கள் வீட்டு மணி அடித்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். நாக்கு ஒரு பக்கம் தேய்ந்த மணி.

குசினியில் படுத்திருந்த பனங்கட்டி நான்கு காலும் சறுக்க ஓடி வந்து, கதிரைக்கு முன்னால் நிமிர்ந்து நின்றது. தொலைபேசிக் கண்ணாடியை மோந்து பார்த்தது. காத்திருந்தது. நான் ஓடிப்போய் முருங்கை இலை முறித்து வந்து கொடுத்தேன். சட்டம் சட்டம்தான், மணி எந்தக் கண்டத்தில் அடித்தாலும்.

பரமேஸ்வரி அதைக் கண்டுவிட்டாள். அதற்குப் பிறகு நாள்தோறும் மணி அடித்தது. நான் இலைக் கொத்தோடு காத்திருந்தேன்.

பிறகு முருங்கையில் மயிர்க்கொட்டிப் புழு விழுந்தது. இரண்டு நாளில் மரம் ஈர்க்காக நின்றது. நான் சந்தியில் ஏதாவது வாங்கி வர நினைத்தேன், பள்ளிக்கூடத்தால் களைத்து வந்து படுத்துவிட்டேன். மணி அடித்தது. பனங்கட்டி வந்தது. நிமிர்ந்தது. காத்திருந்தது. கண்ணாடியைப் பார்த்தது, என் வெறுங்கையைப் பார்த்தது. முன்னங்காலைக் கீழே வைத்தது. திரும்பிப்போய்ச் சுவரைப் பார்த்தபடி, எங்கள் இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது.

தொலைபேசிக்குள் இருந்து அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு அவள் சொன்னாள்.

"எனக்குப் பழகிப்போச்சு, பனங்கட்டி. நீ ஒரு நாளைக்கே கோவிக்கிறாய்."

அவள் பகிடியாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

நான் படத்துக்குள் வந்து கதிரைக்கு முன்னால் குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுடைய முகத்தை நேராகப் பார்த்தேன். தலைக்குக் கம்பளித் தொப்பி போட்டிருந்தாள். அதற்குக் கீழே நெற்றியில் திருநீறு.

"பரமேஸ், சித்திரை லீவுக்கு வாறன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பனங்கட்டி, உன்ர ஐயா என்ன சொல்லுறார்? விளங்கேல்லை."

முயல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது இந்தப் பதவியை விட்டுவிட்டது.

"அதைக் கேளாதையும்," என்றேன். "நான் சொல்லுறன். சித்திரைக்கு வாறன். மெய்யா வாறன்."

அவள் தொப்பியைக் கழற்றினாள். தலைமயிரை ஒதுக்கினாள். மணியை எங்கேயோ வைக்கும் சத்தம் கேட்டது.

"ரிக்கற் போடச் சொல்லட்டோ?" என்று கேட்டாள். முயலிடம் அல்ல.

"ஓம்," என்றேன்.

சொல்லிப் பார்த்தால் சின்னச் சொல்தான்.

கொழும்பில் ஓர் அலுவல்

இதை எழுதும்போது கதிரைக்குப் பக்கத்தில் சூட்கேஸ் இருக்கிறது. பேத்திக்கு ஒரு சின்னப் பனையோலைப் பெட்டி, மனைவிக்குப் பனம்பழப் பினாட்டு. அறுகம்புல்லை விமானத்தில் கொண்டுபோக விடுவார்களோ தெரியவில்லை.

நேற்றுப் பின்னேரம் கம்பிக்கூட்டையும் திறப்புக் கொத்தையும் தூக்கிக்கொண்டு தவத்தின் வீட்டுக்குப் போனேன். அவன் கடை பூட்டிவிட்டு வந்து கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கூட்டைக் கண்டதும் கண் விரிந்தது.

"கறிக்கோ, மாஸ்ரர்?"

"இல்லையடா. பாத்துக்கொள்ள."

அவன் முகத்தைத் துடைத்தான். திறப்புக் கொத்தை வாங்கி, இரண்டு கையாலும் நிறை பார்த்தான். அதற்குப் பிறகு கறிக் கதை எடுக்கவில்லை. கூட்டுக்கு முன்னால் குந்தி, கடையில் மிச்சமாகிக் கொண்டு வந்திருந்த முட்டைக்கோவா இலை ஒன்றைக் கம்பிக்குள்ளால் நீட்டினான். சீனி வாங்கியது. பனங்கட்டி வாங்கவில்லை.

எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டான். மணி இப்போது இல்லை, சைக்கிள் மணியை அடி, அடித்தால் கட்டாயம் ஏதாவது கொடு, ஒருமுறைகூட ஏமாற்றாதே என்றேன். மரியாதையாகக் கதைக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

கடைசியில் கேட்டான், "எங்க மாஸ்ரர் பயணம்?"

"கொழும்பில ஒரு அலுவல், தம்பி. ரெண்டு கிழமையில வந்திடுவன்."

பொய் சொல்லவில்லை. சித்திரை லீவு இரண்டு கிழமைதான். திரும்பி வரும் ரிக்கற்றும் போட்டிருக்கிறது. ஆனால் என் வாயால் வந்தபோது அந்த வசனம் வேறு ஒருவருடையது போலத்தான் கேட்டது. தவம் என்னை நிமிர்ந்து பார்த்தான். சிவநேசனின் தீவனச் சாக்கை நான் பார்த்த அதே பார்வை.

"ஓமோம்," என்றான். "கவனமாப் போட்டு வாங்கோ."

அப்போது கூட்டுக்குள் பனங்கட்டி பின்னங்காலைத் தூக்கி, நம்பாதே என்ற அந்தப் பழைய அடியை ஓங்கி அடித்தது. கம்பியெல்லாம் அதிர்ந்தது. தவம் திடுக்கிட்டுக் கையை எடுத்தான்.

"இது என்ன சொல்லுது, மாஸ்ரர்?"

"ஓம் எண்டு சொல்லுது," என்றேன்.